ஐந்து நிமிடக் கட்டம்

தாளில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம்.
பத்து இருபது: தொண்ணூற்றேழு.
பத்து இருபத்தைந்து: தொண்ணூற்றாறு.
இடையில் நடந்ததற்கு இடமில்லை.

சேவுகமூர்த்தி, வயது எழுபத்தொன்பது,
புதுவயல் டவுன் பஸ்ஸில் கண்டக்டராய் இருந்தவர்,
குளியலறையில் வழுக்கி இடுப்பு முறிந்து வந்தார்.
முதுகில் போட்ட ஊசியில்
இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது,
வாய் விழித்திருந்தது.
கோட்டையூருக்கு அறுபது காசு டிக்கெட் இருந்தப்பவே
அம்பது காசை நீட்டிவிட்டு
ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற ஆட்கள் உண்டு என்று
பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம்
எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எலும்புக் குழிக்குள் சிமெண்ட் இறங்கியது.
நான் ரபீக்கிடம் சிரிஞ்சு கேட்டுக்கொண்டிருந்தேன்.
திரையைப் பார்க்கவில்லை.
எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால்
அந்தப் பெட்டியின் சுதி இறங்கினால்
என் கழுத்து தானாகத் திரும்பும்.
தொண்ணூற்றொன்று.
எண்பத்தெட்டு.
எண்பத்து மூன்று.
அம்பது காசுக்காரனைப் பாதியில் விட்டு
அவர் பேச்சு நின்றிருந்தது.

முகமூடியை அழுத்திப் பிடித்தேன்.
ஆக்சிஜனை முழுக்கத் திறந்தேன்.
மருந்து. இன்னொரு மருந்து.
"சார், கொஞ்சம் நிறுத்துங்க."
மூன்றரை நிமிடம்.
பிறகு சுதி ஏறியது.
ரபீக் நெற்றியைத் தோளில் துடைத்துக்கொண்டான்.
நான் பத்து இருபத்தைந்தை எழுதினேன்.

இரண்டாம் இரவு, மணி இரண்டேகால்.
ஜெனிட்டா போனில் சொன்னது இவ்வளவுதான்:
"மேடம், தாத்தா டிக்கெட் போடுறார்."

செக்காலை ரோட்டில் நாய்கள்கூட உறங்கிவிட்டன.
வார்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
கையில் இருந்த ஊசியைப் பிடுங்கிவிட்டு
கட்டில் கம்பியைப் பிடித்தபடி
"உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்கிறார்
சொந்த மகள் கொப்புடையாளிடம்.
விரல் கிளிப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு
பக்கத்துக் கட்டில்காரரிடம் சில்லறை கேட்கிறார்.
திரும்ப மாட்டிவிடப் போனேன்.
என் விரலைப் பிடித்து அதில் கவ்வவிட்டார்.
"புதுவயல் ஒண்ணு.
பத்திரமா வச்சுக்க, செக்கிங் இருக்கு."
திரையில் அவர் பெயருக்குக் கீழே
என்னுடைய தொண்ணூற்றொன்பது
பச்சையாக ஒளிர்ந்தது.

வராந்தாவில் மகள் கேட்டாள்:
"ஆப்ரேஷன்ல ஏதாச்சும் ஆச்சா?"

வயசாச்சில்ல என்றொரு பதில்
எங்கள் கோட்டுப் பையில் எப்போதும் இருக்கும்.
பொய்யும் இல்லை அது.
வலி, தூக்கமின்மை, மூத்திரக் குழாய்,
வீட்டில் மறந்த மூக்குக்கண்ணாடி,
நெஞ்சில் கட்டத் தொடங்கிய சளி,
எது வேண்டுமானாலும் செய்யும் இதை.
மூன்றரை நிமிடமும் செய்யலாம்.
செய்யாமலும் இருக்கலாம்.

கோப்பை எடுத்துவரச் சொன்னேன்.
இரண்டு கட்டங்களுக்கு நடுவே, கோட்டின் மேலேயே எழுதினேன்:
10.22, எண்பத்து மூன்று.
பக்கத்தில் இன்றைய தேதி, என் கையெழுத்து.
அந்த மை காயுமுன் அவளுக்குக் காட்டினேன்.

வெகுநேரம் தாளைப் பார்த்தாள்.
"மூணரை நிமிஷம்னா
ஸ்ரீராம் நகர்லேருந்து கோட்டையூர் வர்ற நேரம்."
மன்னித்தாளா, கணக்குப் பார்த்தாளா, தெரியவில்லை.
"திரும்ப வந்துருவாரா?"
பெரும்பாலும் வந்துவிடுவார்கள் என்றேன்.
பெரும்பாலும் என்பதை விழுங்காமல் சொன்னேன்.

முதல் பஸ்ஸில் போய்க் கண்ணாடி எடுத்துவந்தாள்.
ஜெனிட்டா ஜன்னலைத் திறந்தாள்.
இது காரைக்குடி, ஆஸ்பத்திரி, இன்றைக்கு வியாழக்கிழமை,
இடுப்பைச் சரிசெய்திருக்கிறோம் என்று
ஒவ்வொன்றாகச் சொன்னேன்.
கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார்.
தெளிந்த கண்ணா, தெளியாததா,
எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

"அம்பது காசு குடுத்தது நீதானே," என்றார்.
"இன்னும் பத்து காசு பாக்கி."